விழுந்தவர் எழும் வித்தை
தற்காப்புப் பயிற்சியில் தரைப்பிடிக்கு உள்ள இடம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் இளைஞர் பிரிவின் சார்பில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துவடிவம்)



சமயமும் தமிழும் பேசப்படும் மேடையிலே மற்போரைப் பற்றிப் பேச வந்திருக்கிறார்களே என்று சிலர் வியக்கலாம். சமயம் உயிரைப் பேணச் சொல்கிறது. உயிர் தங்குமிடம் உடம்பு. அவ்வுடம்பைக் காக்கும் கலையைப் பற்றிப் பேசுவது விழாவுக்குப் புறம்பான செயல் ஆகாது என்று நம்புகிறோம்.

நமது சங்கத்திலே தற்காப்பு வகுப்பொன்று தொடங்க வேண்டும் என்னும் யோசனை எழுந்தபோது பெரியோர் அதனை வரவேற்றனர். ஆனால், அந்த வகுப்பிலே தரையில் விழுந்து உருண்டு பழகும் பயிற்சியும் இடம்பெற வேண்டும் என்று நாங்கள் கேட்டபோது சபையிலே ஒரு சலசலப்பு உண்டாயிற்று. வயதில் மூத்த ஒரு ஐயா எம்மை அருகே அழைத்து, “பிள்ளையள், நிலத்திலை உருளுறதோ தற்காப்பு? விழாமல் நிக்கிறதெல்லோ கெட்டித்தனம்?” என்று அன்போடு கேட்டார். அவருடைய கேள்வி நியாயமானது. அதற்கு அன்று எம்மால் சரியான விடை கூற இயலவில்லை. இன்று கூற முயல்கிறோம்.

முதலிலே சொற்பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். தற்காப்பு என்றவுடன் நம் மனக்கண்முன் நிற்பது கராத்தே உடையணிந்து, கால்களை ஊன்றி நின்று, குத்தும் உதையும் பழகும் காட்சியே. அது நின்று செய்யும் கலை. கீழே விழுந்துவிட்டபோது, அல்லது ஒருவன் நம்மை வீழ்த்தி மேலே அமுக்கியபோது, அவனுடைய பிடியைத் தாங்கி, விலக்கி, மீண்டும் எழுந்து நிற்கும் கலை வேறொன்று. அதனையே இங்குத் தரைப்பிடி என்கிறோம்.

இது ஏன் வேண்டும் என்பதற்கு ஏட்டிலிருந்து காரணம் தேட வேண்டியதில்லை. நம்முள் ஒரு சகோதரிக்கு நேர்ந்ததை அவளுடைய சம்மதத்துடன், பெயர் குறிப்பிடாது, இங்குக் கூறுகிறோம். அவள் நான்கு ஆண்டுகள் கராத்தே பயின்றவள். மாலை வகுப்பு முடிந்து, விளக்கில்லாத ஒரு குறுக்கு வீதியால் துவிச்சக்கர வண்டியில் வந்துகொண்டிருந்தாள். பின்னால் வந்த ஒருவன் வண்டியைப் பிடித்து இழுக்க, அவள் ஓரத்துக் கானுக்குள் விழுந்தாள். எழுமுன் அவன் முழங்காலை அவள் மார்பிலே ஊன்றி, கழுத்துச் சங்கிலியைப் பற்றினான். தூரத்தில் லொறியொன்றின் வெளிச்சம் தெரியவே, சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டான். லொறி வராதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை எண்ணவே உள்ளம் நடுங்குகிறது.

பின்னர் அவள் எம்மிடம் சொன்ன வார்த்தை இதுதான்: “நாலு வருசம் நிண்டு அடிக்கப் படிச்சன். விழுந்தாப் பிறகு என்ன செய்யிறதெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லித்தரேல்லை.”

சங்கிலி போனது பெரிதன்று. அடுத்த நாள் முதல் அவளுடைய மாலை வகுப்பு நின்றுவிட்டது. பெற்றோருக்குப் பயம். அப்பயத்தை நாம் குறைகூறவில்லை. 2009ஆம் ஆண்டு வரை இம்மண் கண்ட துன்பத்தில் ஆண்துணையை இழந்து, தாயொருத்தியே தலைமை தாங்கும் குடும்பங்கள் நம் மாவட்டத்தில் எத்தனை என்பது சபையோர் அறிந்ததே. பிள்ளையை அழைத்துவர ஆளில்லாத வீட்டில், பயம் வந்தால் படிப்புத்தான் முதலிலே நிற்கிறது. ஆகவே நாம் இங்கே பேசுவது விளையாட்டைப் பற்றியன்று. ஒரு பெண்பிள்ளை பொழுதுபட்ட பின்னும் வீதியால் வீடு வரலாமா, படிப்பைத் தொடரலாமா என்பதைப் பற்றியே பேசுகிறோம்.

இனி ஐயாவின் கேள்விக்கு வருவோம். விழாமல் நிற்பது கெட்டித்தனம் என்பது உண்மை. ஆனால் யானைக்கும் அடி சறுக்கும் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சாதிப்பவனை எள்ளி நகையாடியவர்களும் அவர்களே. விழுவதை வெட்கமாக எண்ணி மறைப்பவன் எழக் கற்றுக்கொள்வதில்லை. தாக்க வருபவன் நம்மோடு போட்டி விதி பேசிக்கொண்டு வருவதுமில்லை. அவன் பின்னாலிருந்து வருவான், தள்ளுவான், மயிரைப் பற்றி இழுப்பான். நம்மிலும் பாரமானவன் இழுத்தால் நாம் விழுவது இயல்பு.

தரையில் பிடிபோடுவது அன்னியர் கொண்டுவந்த புதுமை என்று எண்ணுவோரும் உளர். அவ்வாறன்று. புறநானூற்றிலே சாத்தந்தையார் என்னும் புலவர், போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்னும் சோழ வீரன் ஆமூர் மல்லனோடு செய்த மற்போரைப் பாடியிருக்கிறார். எண்பதாம் பாட்டைக் கவனித்துப் படித்தால் அதிசயமாக இருக்கும். வீரனின் ஒரு கால் மல்லனின் மார்பை அழுத்திக்கொண்டிருக்கிறது. மற்றக் கால் அவன் செய்யும் உபாயங்களைத் தடுத்து முதுகுப் பக்கமாக வளைந்திருக்கிறது. இதைக் கண்ட இக்காலத்து யூடோ ஆசிரியர் எவரும் இது தரைப்பிடியே என்பர். மகனுடைய இவ்வெற்றியைத் தந்தையாகிய தித்தன் காணட்டும் என்று புலவர் விரும்புகிறார். நக்கண்ணையார் என்னும் பெண்பாற் புலவரும் இவ்வீரனைப் பாடியுள்ளார். சங்கத் தமிழுக்கு வெட்கமில்லாத ஒன்று நமக்கு ஏன் வெட்கமாக வேண்டும்?

பாகவதத்திலே கஞ்சனின் அரங்கில் கண்ணபிரான் சாணூரனோடு மற்போர் செய்ததையும், பாரதத்திலே வீமன் சராசந்தனோடு மல்லுக்கட்டியதையும் நாம் அறிவோம். நம் நாட்டுச் சிங்கள மக்களிடையே வழங்கும் அங்கம்பொற என்னும் கலையிலும் ஆயுதமின்றிப் பிடித்துப் பூட்டும் முறைகள் உள. 1818ஆம் ஆண்டு ஊவா வெல்லசைக் கிளர்ச்சியை அடுத்து ஆங்கிலேயர் அக்கலையைத் தடைசெய்தனர் என்பர். இந்தியாவின் வடபால் மல்லர் பழகும் களங்களில் மண்ணைக் கொத்தி, எண்ணெயும் மஞ்சளும் மோரும் கலந்து பதப்படுத்தி, அதன்மேல் உருண்டு பழகுவர். அவர்கள் மண்ணை அழுக்கென்று கருதுவதில்லை. தொட்டு வணங்கியே இறங்குவர்.

தரையில் கிடப்பவன் தோற்றவன் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. 1910ஆம் ஆண்டு செப்டெம்பரில் இலண்டன் மாநகரிலே, இந்தியப் பெருமல்லன் காமாவுக்கும் போலந்து வீரன் சிபிஸ்கோவுக்கும் போட்டி நடந்தது. காமாவின் வேகத்தைக் கண்ட சிபிஸ்கோ தரையோடு தரையாகப் படுத்துவிட்டான். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் முயன்றும் காமாவால் அவனைப் புரட்ட முடியவில்லை. போட்டி முடிவின்றி நின்றது. 1928ஆம் ஆண்டு பட்டியாலாவில் மீண்டும் சந்தித்தபோது காமா ஒரு நிமிடத்துக்குள் வென்றான் என்பதும் உண்மையே. ஆனால் முதற்போட்டியைக் கவனியுங்கள். தன்னிலும் வல்லவனைத் தரையில் கிடந்தே ஒருவன் இரண்டரை மணி நேரம் தடுத்து நிறுத்தினான். நம் சகோதரிக்குத் தேவைப்பட்டது லொறி வரும் வரையான சில நிமிடங்களே!

இதற்கான காரணமும் விளங்கக்கூடியதே. நிற்கும்போது உயரமும் எடையும் கைவீச்சும் பலசாலிக்கு உதவுகின்றன. தரையிலே முதுகு ஊன்றியிருக்க, நம் இரண்டு கால்களும் இடுப்பும் விடுதலை பெறுகின்றன. மனித உடம்பிலே மிகுந்த வலியுள்ள தசைகள் தொடையிலும் இடுப்பிலும் உள்ளன. எதிரியின் கைவலியோடு நம் கைவலியைப் பொருதினால் தோற்போம். அவன் கைக்கு எதிராக நம் காலையும் இடுப்பையும் வைத்தால் கணக்கு மாறிவிடும்.

இதை உணர்ந்தவர்களுள் ஒருவர் யப்பானியப் பேரறிஞர் யிகோரோ கானோ. மெலிந்த உடம்பினரான அவர் 1882ஆம் ஆண்டு, எம்மைப் போன்ற இருபத்தொரு வயது வாலிபராக இருக்கும்போதே, தோக்கியோவில் எய்ஷோஜி என்னும் பௌத்த கோவிலின் ஒரு மண்டபத்திலே, பன்னிரண்டு பாய்களை விரித்து, ஒன்பது மாணவர்களோடு யூடோவைத் தொடங்கினார். அவர் மாணவர்க்கு முதலிலே கற்பித்தது அடிக்க அன்று, விழ! அவர் வழிவந்த மயேதா என்பவர் பிறேசில் நாடு சென்று கற்பித்ததிலிருந்தே தரைப்பிடியில் பேர்பெற்ற பிறேசில் யியுயிற்சு முறை வளர்ந்தது. இலண்டனிலே, ஐந்தடி உயரமும் எட்டாத எடித் கறட் என்னும் அம்மையார், வாக்குரிமைக்காகப் போராடிய பெண்களுக்கு 1913ஆம் ஆண்டளவில் யியுயிற்சு கற்பித்தார். பெரிய உடம்புடைய காவலரை அச்சிறிய பெண்கள் எதிர்கொண்ட செய்தி அக்காலப் பத்திரிகைகளுக்கு விருந்தாயிற்று.

இவ்வளவும் சொன்னதால், தரைப்பிடியே தற்காப்பு முழுவதும் என்று நாம் வாதிடுவதாக எண்ண வேண்டாம். பத்துச் சண்டையில் ஒன்பது தரையிலேதான் முடியும் என்று சில பயிற்சியாளர் விளம்பரம் செய்வர். அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரக் காவலரின் 1988ஆம் ஆண்டுப் பதிவுகளிலிருந்து பிறந்து, வாய்க்கு வாய் பெருத்த கூற்று அது. காவலரின் கடமை ஒருவனைக் கிடத்தி விலங்கிடுவது. ஆகவே அவர்கள் தரைக்குச் செல்வது இயல்பு. நம் கடமை தப்பிச் செல்வது. அவர்களுடைய கணக்கு நமக்குப் பொருந்தாது.

விளையாட்டரங்கிலே மெத்தையின் மேல், ஒருவனோடு ஒருவன், நடுவர் முன்னிலையில் பொருதுபவன் தரையிலே நெடுநேரம் இருக்கலாம். வீதியிலே கல்லுண்டு, கண்ணாடித் துண்டுண்டு. எதிரியின் கையிலே கத்தி இருக்கலாம். அவனுடைய கூட்டாளி பக்கத்திலே நிற்கலாம். அங்கே விரும்பித் தரைக்குச் செல்பவன் அறிவிலி. ஆகவே நாம் கேட்கும் தரைப்பிடியின் நோக்கம் ஒன்றே ஒன்று: எழுந்து ஓடுதல்.

அவ்வாறாயின் எவற்றைப் பழக வேண்டும்? ஐந்து பாடங்கள் போதும் என்பது எமது அபிப்பிராயம்.

முதலாவது, விழுதல். பின்புறம் விழும்போது நாடியை நெஞ்சோடு சேர்த்து, முதுகை வளைத்து, மூச்சை வெளிவிட்டு, உள்ளங்கையோடு முன்கையும் சேர நிலத்தை அறைய வேண்டும். பிடரி நிலத்தில் மோதாது. கையை நேரே ஊன்றினால் மணிக்கட்டு முறியும். இப்பாடம் கிணற்றடியில் வழுக்கும் பாட்டிக்கும் வண்டியிலிருந்து விழும் சிறுவனுக்கும் பயன்படும்.

இரண்டாவது, கிடக்கும் முறை. தலையைக் கைகளாற் காத்து, கால்களை எதிரியின் பக்கம் திருப்பி, அவன் சுற்றி வந்தால் நாமும் சுழன்று, கால்களை எப்போதும் அவனுக்கும் நமக்கும் நடுவே வைத்தல்.

மூன்றாவது, இறால் அசைவு. யூடோக்காரர் உலகெங்கும் இதனை இறாலின் பெயராலேயே அழைக்கின்றனர். நந்திக்கடலில் இறால் பிடித்துப் பழகிய நமக்கு விளக்கமும் வேண்டுமோ? கையில் எடுத்த இறால் உடம்பை மடக்கிப் பின்னே துள்ளுவதுபோல, ஒருக்களித்து, காலை ஊன்றி, இடுப்பைப் பின்னே எறிந்து, அமுக்குபவனுக்கும் நமக்கும் இடையே வெளி உண்டாக்குதல்.

நான்காவது, பாலமிட்டுப் புரட்டுதல். மேலே அமர்ந்தவனின் ஒரு கையைப் பற்றி, அதே பக்கத்துக் காலையும் நம் காலால் பூட்டி, இடுப்பை மேலே உந்தி, பூட்டிய பக்கத்துத் தோளின்மேல் புரண்டால், ஊன்றக் கையும் காலுமின்றி அவன் சரிவான்.

ஐந்தாவது, எழுதல். ஒரு கையையும் எதிர்ப்பக்கத்துக் காலையும் ஊன்றி, மற்றக் கையால் முகத்தைக் காத்து, எதிரியை விட்டுக் கண்ணெடுக்காமல், மற்றக் காலைப் பின்னே இழுத்து எழுந்து, ஓடுதல், ஓடும்போது சத்தமிடுதல். சத்தமிடுவது கோழைத்தனமன்று. முதலை காலைக் கவ்வியபோது, தன் வலியெல்லாம் பயன்படாது போக, கசேந்திரன் துதிக்கையை உயர்த்திக் கூவவில்லையா? கூவியதனாலன்றோ காப்பு வந்தது!

கழுத்தை நெரிக்கும் பிடிகளும் மூட்டை முறிக்கும் பிடிகளும் தொடக்க வகுப்பில் வேண்டாம். கழுத்து நாளங்கள் அமுங்கினால் சில வினாடிகளில் மயக்கம் வரும். தேர்ந்த ஆசிரியர் அருகில் இல்லாது அவற்றோடு விளையாடலாகாது. பயிற்சியில் ஒருவர் கையால் தட்டினால் மற்றவர் உடனே பிடியை விட வேண்டும் என்னும் விதியை முதல்நாளே மனத்தில் பதிக்க வேண்டும்.

சட்டமும் இதே எல்லையைத்தான் வகுத்திருக்கிறது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை 89 முதல் 99 வரையான பிரிவுகளில் தற்பாதுகாப்பு உரிமையைச் சொல்கிறது. காப்புக்கு வேண்டியதிலும் மிகையான தீங்கு செய்ய அவ்வுரிமை இடந்தராது. புரட்டிவிட்டு ஓடுபவர் சட்டத்துக்குள்ளே நிற்கிறார். புரட்டியபின் மேலே அமர்ந்து குத்துபவர் சட்டத்தைத் தாண்டுகிறார்.

பயிற்சியால் உண்மையில் பயனுண்டா என்று கேட்போருக்கு ஒரு செய்தி. கனடாவிலே முதலாண்டுப் பல்கலைக்கழக மாணவியர் 893 பேரைக் கொண்டு நடந்த ஆய்வொன்றின் முடிவு 2015ஆம் ஆண்டு வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு மும்மூன்று மணிநேரம் கொண்ட நான்கு வகுப்புகள் நடத்தினர். ஆபத்தை முன்கூட்டி உணர்தல், அறிந்தவனேயாயினும் மறுத்துச் சொல்லுதல், வாயாலும் உடம்பாலும் எதிர்த்தல் என்பன கற்பிக்கப்பட்டன. ஓராண்டுக்குள் வன்புணர்வுக்கு ஆளானோர் மற்றப் பகுதியில் நூற்றுக்கு 9.8 ஆக இருக்க, கற்றவர்களிடையே 5.2 ஆகக் குறைந்தது. அப்பயன் உடற்பயிற்சியால் மட்டும் வந்ததன்று. மனப்பயிற்சியும் சேர்ந்தே வந்தது. நம் வகுப்பிலும் இரண்டும் வேண்டும். பெண்களுக்கான 1938 என்னும் தொலைபேசி இலக்கமும், பொலிசாரின் 119 என்னும் இலக்கமும் ஒவ்வொரு பிள்ளைக்கும் மனப்பாடமாக இருத்தல் வேண்டும்.

ஆயினும், குற்றம் செய்தவனை விட்டுவிட்டு, “ஏன் நீ பயிலவில்லை?” என்று விழுந்தவளைக் கேட்கும் வழக்கம் நம்மிடையே வரக்கூடாது. பயிலாதவளுக்கும் வீதி உரியது. வீதிக்கு விளக்கு வேண்டும் என்று கேட்பதும், நம் வாலிபர் பெண்களை மதிக்கப் பழகுவதும் தற்காப்பின் பகுதிகளே.

பெண்பிள்ளைகள் தரையில் உருள்வதா என்னும் ஆட்சேபத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. அதற்கு மதிப்பளித்தே சில நிபந்தனைகளை முன்வைக்கிறோம். பெண்களுக்குத் தனி வகுப்பு, பெண்ணே ஆசிரியர், பெண்ணோடு பெண்ணே பழகுதல், உடம்பை முழுதும் மூடும் தளர்ந்த உடை, விரும்பிய தாய்மார் வந்து பார்த்திருக்கலாம், விருப்பமில்லாதவரை எவரும் வற்புறுத்தலாகாது. 2022ஆம் ஆண்டு பாகிஸ்தான் சென்று குத்துச்சண்டையில் தங்கப் பதக்கம் வென்றவர் நம் முல்லைத்தீவு மாவட்டத்துப் பெண்ணாகிய கணேஸ் இந்துகாதேவி. அன்று அவரை மாலையிட்டு வரவேற்று மகிழ்ந்த நாம், நம் வீட்டுப் பிள்ளை பாயில் உருண்டு பழகுவதற்குத் தயங்கலாமா?

செலவைப் பற்றியும் கவலை வேண்டாம். விலைகூடிய மெத்தை இல்லாவிட்டால், கல்லும் சிப்பியும் அகற்றி அரித்தெடுத்த கடற்கரை மணலை ஒரு முழ ஆழத்துக்குப் பரப்பி, மேலே தறப்பாள் விரித்தால் தொடக்கத்துக்குப் போதும். கானோ பன்னிரண்டு பாய்களோடுதானே தொடங்கினார்!

ஒரு செய்தியோடு நிறைவு செய்கிறோம். நாம் கல்வி பயின்றது மிஷன் பாடசாலையில். அங்கே காலைப் பிரார்த்தனையில், யாக்கோபு என்பவன் விடியும் மட்டும் ஒருவரோடு மல்லுக்கட்டி, ஆசீர்வதித்தாலன்றி விடேன் என்று பற்றிக்கொண்டு, இறுதியில் ஆசி பெற்ற கதையைக் கேட்டோம். வீட்டுக்கு வந்து சொன்னபோது எங்கள் பாட்டி சிரித்து, “எங்கடை அருச்சுனனும் அப்பிடித்தான் ராசா” என்று பாசுபதம் பெற்ற கதையைச் சொன்னார். வேடனாக வந்த சிவபெருமானோடு அருச்சுனன் மற்போர் செய்தான். ஈசன் கையில் நசுங்கி நினைவிழந்து மண்ணிலே விழுந்தான். பின் எழுந்தான். விழுந்த அந்த மண்ணையே பிசைந்து இலிங்கம் செய்து மாலை சூட்டினான். அம்மாலை எதிரே நின்ற வேடனின் முடியிலே விளங்கக் கண்டான். வரம் வந்தது அதன் பின்பே.

அருச்சுனன் விழுந்ததற்காக அவனை எவரும் இகழவில்லை. விழுந்தவன் எழுந்தான் என்பதற்காகவே இன்றும் அவன் கதையைச் சொல்கிறோம்.

மார்பிலே முழங்கால் ஊன்றப்பட்ட அச்சகோதரியும் இந்தச் சபையிலேதான் இருக்கிறாள். யாரென்று தேட வேண்டாம். அவள் எங்களோடு ஐந்து பாடங்களையும் பழக விரும்புகிறாள். மாலை வகுப்புக்கு மீண்டும் போக விரும்புகிறாள். இவ்விரண்டுக்கும் அனுமதி பெரியோராகிய உங்கள் கையில் இருக்கிறது. அன்று கேட்ட ஐயாவுக்கு எமது விடை இதுவே: ஐயா, விழாமல் நிற்பது கெட்டித்தனந்தான். ஆனால் எங்கள் பிள்ளைகள் விழுந்தாலும் எழும்பி வீடு வந்து சேர வேண்டும்.